பெரம்பூர் பக்கம் ஒரு பிராஜெக்ட் சென்டர்: பைண்டிங்குக்குப் போகலாம், டைட்டிலுக்கு வேண்டாம்

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு டைட்டில் தேடி பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சுற்றுகிற கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்காக எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். தம்பியின் டீமோடு நானும் போயிருந்தேன், நாலு பேர் டீம்.

உள்ளே போனதும் ஸ்பைரல் போட்ட ஒரு லிஸ்டைக் கையில் கொடுக்கிறார்கள். பைத்தான், ஜாவா, ஐஓடி என்று டொமைன் வாரியாக டைட்டில்கள், பிடித்ததை டிக் அடித்தால் கோடு, பிபிடி, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரே ரேட். "தம்பி, டைட்டில் மட்டும் சொல்லுங்க, ஜீரோத் ரிவியூல இருந்து வைவா வரைக்கும் நாங்க பார்த்துக்கறோம்" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். மரியாதையாகப் பேசினார், அவசரப்படுத்தவில்லை.

வீட்டு விலையைக் கணிக்கும் பிராஜெக்டை டெமோ கேட்டோம். ரன் கொடுத்ததும் எர்ரர். கோடு பாஸ்டன் ஹவுசிங் என்ற, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி வீட்டு விலை டேட்டாவைக் கூப்பிடுகிறது, சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் லைப்ரரி அதை 1.2 வெர்ஷனிலேயே தூக்கிவிட்டது. கறுப்பின மக்களின் விகிதத்தை வைத்து வீட்டு விலைக்குக் கணக்குப் போட்ட ஒரு நெடுவரிசை அதில் இருந்ததுதான் காரணம். பழைய வெர்ஷனைப் போட்டு ஓட வைத்துவிட்டார், சரி. ஆனால் மொத்தமே 506 வரிகள், அமெரிக்காவின் 1970 கணக்கெடுப்புக் காலத்து டேட்டா. "இதை வெச்சு கொளத்தூர்ல வீட்டு விலை எப்படிண்ணா சொல்றது?" என்று டீமில் இருந்த பெண் கேட்டாள். வைவாவுக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அதெல்லாம் கேட்க மாட்டார் என்பதுதான் பதில்.

இலை நோய் கண்டுபிடிக்கிற டைட்டிலும் அப்படித்தான். பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பை வைத்து 2016இல் வந்த ஆய்வில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்ன மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் 31 சதவீதத்துக்கு இறங்கியது, அந்த ஆய்வாளர்களே அதை எழுதியிருக்கிறார்கள். கடை ரிப்போர்ட்டில் முதல் எண் மட்டும் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, நாலு பேர் பிரித்துக்கொள்ள அதில் வேலையே இல்லை என்பது. ஒரு ஜிப் ஃபைல் வருகிறது, ஒருவன் இன்ஸ்டால் செய்கிறான், மற்றவர்கள் பிபிடியை மனப்பாடம் செய்கிறார்கள். டீம் பிராஜெக்ட் என்றால் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் அதைப் பயன்படுத்தப் போகிற ஒருவராவது இருக்க வேண்டும், என் கருத்து இதுதான்.

கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா கொருக்குப்பேட்டையில் மகளிர் குழுக் கணக்கை நோட்டில் எழுதுவதையே எடுத்துக்கொண்டார்கள். சந்தா, உள்கடன், வட்டி அவ்வளவுதானே என்று நினைக்கத் தோன்றும். ஐநூறு கட்ட வேண்டியவர் முந்நூறு கட்டினால் அதை முதலில் வட்டியில் கழிப்பதா, அசலிலா? அம்மா இதைக் கேட்டதும் டேட்டாபேஸின் டேபிள் டிசைனே மாறியது. ஒருவர் ஸ்கிரீன், ஒருவர் டேட்டாபேஸ், ஒருவர் வட்டிக் கணக்கு, ஒருவர் அம்மாவோடு உட்கார்ந்து டெஸ்டிங். ஏஐ இல்லையா என்று கைடு கேட்டார்தான், ஆனால் நோட்டின் ஜெராக்ஸைப் பெயர்களை மறைத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம், அதே கடையில் பிரின்ட் அவுட்டும் ஹார்டு பைண்டிங்கும் சுத்தமாகச் செய்கிறார்கள், அட்டையில் எழுத்து கோணாமல் வருகிறது, அதற்குத் தாராளமாகப் போகலாம். டைட்டிலே அங்கேதான் எடுப்பேன் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் சிஸ்டத்தில் அல்ல.