முள்ளோடைக்கு அந்தப் பக்கம் போன 3,85,000 ரூபாய்

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்து, அது பைலட் ஆகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதைக் கொஞ்சம் படியுங்கள். பைலட் சீட் வாங்கித் தருகிறோம் என்று எங்களிடம் பணம் வாங்கின புதுச்சேரி ஆபீஸ் பூட்டிக் கிடப்பதை நேற்று சாயங்காலம்தான் பார்த்துவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. போனது 3,85,000 ரூபாய். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் மகள் படிப்புக்கு என்று பேங்கில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துக் கொடுத்த பணம். பைலட் வேலைக்கு ஒழுங்கான வழி என்ன என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். ஏமாந்த பிறகுதான் அதெல்லாம் எனக்கே தெரிந்தது.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர். அதில் பாதிக்கு மேல் கடலூர் - புதுச்சேரி ரூட்தான், நடுவில் முள்ளோடைதான் எல்லை. கிழிந்த நோட்டை மடித்து நீட்டுகிறவன், அரியாங்குப்பத்தில் ஏறிவிட்டு தவளக்குப்பத்தில் ஏறினேன் என்று சாதிக்கிறவன், எல்லாரையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். டெப்போவில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவனை முப்பது வயசு கூட ஆகாத ஒரு பையன் காபி வாங்கிக் கொடுத்தே கவிழ்த்துவிட்டான்.

புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு காம்ப்ளக்ஸ், இரண்டாவது மாடி. பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. ஏவியேஷன் கன்சல்டன்சி என்று போர்டு வைத்துக்கொள்கிற வகையறா. பிளையிங் கிளப்பும் இல்லை, காலேஜும் இல்லை. குறைந்த கட்டண விமானக் கம்பெனி ஒன்றின் கேடட் பைலட் திட்டத்தில் (கம்பெனியே ஆள் தேர்ந்தெடுத்துப் பைலட் பயிற்சிக்கு அனுப்புகிற திட்டம்) சீட் வாங்கித் தருவோம், படிப்பு முடிவதற்கு முன்பே வேலை உறுதி என்று நோட்டீஸ். மகள் போனில் பார்த்துவிட்டு எனக்குக் காட்டினாள்.

மே கடைசியில் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜை மேல் ஒரு முழ நீளத்துக்கு விமான பொம்மை. வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை போட்ட ஒருவரைக் 'கேப்டன்' என்று அறிமுகப்படுத்தினார்கள். கவுன்சிலர் என்று சொன்ன அந்தப் பையன் முதலில் என்னை சார் என்றான், பத்து நிமிஷத்தில் அப்பா ஆகிவிட்டேன்.

அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. இப்போது அதுதான் எரிகிறது. பிளஸ் டூவில் பிசிக்ஸ், மேத்ஸ் வேண்டும் என்றார்கள், சரி. பைலட்டுக்கான உடல் தகுதிச் சோதனையில் முதலில் கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் கிளாஸ் 1 என்றார்கள், சரி. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும், 18 வயசு நிரம்பியிருக்கணும், நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் என்று டிஜிசிஏ (விமானத் துறையைக் கட்டுப்படுத்துகிற மத்திய அரசு அமைப்பு) வைக்கிற பரீட்சைகளில் 70 சதவீத மார்க் எடுத்தால்தான் பாஸ் என்றார்கள், அதுவும் சரி. வீட்டுக்கு வந்து மகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். எல்லாம் ஒத்துப்போனது. பத்து நல்ல நோட்டுக்கு நடுவில் ஒரு கள்ள நோட்டை வைத்து நீட்டுகிறவனை நான் பஸ்ஸில் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறேன். இங்கே பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் பர்ஸை எடுத்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் 25,000 என்று சொல்லியிருந்தார்கள், முன்பணமாக ஐயாயிரமாவது கொடுக்கலாம் என்று. அந்தப் பையன் என் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இன்னைக்குப் பணமே வேணாம்பா. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசுங்க. பாப்பா நல்லா யோசிக்கட்டும். அவசரமே இல்ல."

இந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அவசரப்படுத்துகிறவனை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவசரப்படுத்தாதவனை எப்படிச் சந்தேகப்படுவது?

அடுத்த வாரம் எங்களை அவர்கள் காரிலேயே லாஸ்பேட்டைக்கு அழைத்துப் போனார்கள். ஏர்போர்ட் பக்கம் ரோட்டோரமாக நின்றோம். புதுச்சேரிக்கு இடையில் சில மாதம் விமானமே இல்லாமல் இருந்து, 2024 டிசம்பரில்தான் மறுபடி ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் ஆரம்பித்தது. இறக்கையில் காற்றாடி சுற்றுகிற ஏடிஆர் விமானம். 78 சீட்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் ஒரே டிரிப்பில் நான் அதற்கு மேல் ஏற்றியிருக்கிறேன், அது வேறு. விமானம் தாழ்ந்து வந்தது. 'கேப்டன்' என் மகளிடம் சொன்னார்: "கேப்டன் உட்கார்றது இடது பக்க சீட்டு. நீ முதல்ல வலது பக்கம். அஞ்சே வருஷத்துல இடது பக்கம் வந்துடுவ." சக்கரம் தரையைத் தொட்டபோது அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்குத்தான் 3,85,000 ரூபாய்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரிஜிஸ்ட்ரேஷன் 25,000, ஜிபே. ஆன்லைன் கிரவுண்ட் கிளாஸ் 60,000, பேங்க் டிரான்ஸ்ஃபர். ஜூன் கடைசியில் 'சீட் பிளாக்கிங்' என்று 3,00,000. இந்த மூணு லட்சம் கட்டும்போது அக்கவுண்ட் பெயர் வேறாக இருந்தது, ஏதோ டிராவல்ஸ் பெயர். கேட்டேன், கேட்காமல் இல்லை. "ஜிஎஸ்டி அக்கவுண்ட் மாத்திக்கிட்டிருக்கோம்பா, ஆடிட்டர் சொன்னது" என்றான். கூட வந்த மனைவி, "என்னங்க, நாளைக்குக் கட்டலாமே" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் எதிரில் அப்படிச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அவனிடம் வரவில்லை.

பணம் போன மூன்றாம் நாள் விமானக் கம்பெனி சின்னம் போட்ட கடிதம் மெயிலில் வந்தது. ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்), ஏ320 விமானம் என்று போட்டு என் மகள் பெயர். அதைக் கலர் பிரிண்ட் எடுத்து பாடலீஸ்வரர் சன்னதியில் வைத்து அர்ச்சனை செய்தோம். வந்தது ஜிமெயில் முகவரியிலிருந்து என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. லைசென்ஸே எடுக்காத பெண்ணுக்கு எப்படி வேலை உத்தரவு வரும் என்றும் கேட்கவில்லை. பஸ்ஸிலேயே டிரைவர் வேலைக்கு லைசென்ஸைக் காட்டினால்தானே ஆர்டர்?

அப்புறம் ஆரம்பித்தது. ஜூலையில் கிளாஸ் என்றார்கள். பத்து நாள் யாரோ ஒரு பெண் ஜூமில் பாடம் எடுத்தது, மகள் புத்தகத்தில் ஏற்கெனவே படித்ததைத்தான் வாசித்ததாம். அதுவும் நின்றது. கேட்டால் டிஜிசிஏ சர்வர் டவுன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கேப்டன் சிமுலேட்டரில் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற மெஷின்) இருக்கிறார், வந்ததும் பேசுவார். அவர் சிமுலேட்டரை விட்டு இறங்கவே இல்லை. ஆகஸ்டில் பேட்ச் தள்ளிப்போனது, கம்பெனிக்குப் புது விமானங்கள் வருவது தாமதமாம். 'ப்ராசஸ்ல இருக்கு' என்ற வார்த்தையை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. வாட்ஸ்அப்பில் அப்பா என்று எழுதுகிறவன் சார் என்று எழுத ஆரம்பித்தான். அப்புறம் நீல டிக் மட்டும் விழும். அப்புறம் அதுவும் இல்லை.

உண்மை தெரிந்தது சென்னையில். கிளாஸ் 2 மெடிக்கலுக்கு டிஜிசிஏ பட்டியலில் இருக்கிற டாக்டரிடம் போயிருந்தோம், எங்கள் செலவில். வரிசையில் திருச்சிப் பையன் ஒருவன். என் மகள் பெருமையாக அந்தக் கடிதத்தைக் காட்டினாள். அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அக்கா, கேடட் புரோகிராமுக்கு அந்தக் கம்பெனி வெப்சைட்லயோ அதுல பேர் போட்டிருக்கிற ஃபிளையிங் ஸ்கூல்லயோ நேரா அப்ளை பண்ணணும். முதல்ல அவங்க ஆப்டிடியூட் டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் வைப்பாங்க. செலக்ட் ஆன அப்புறம்தான் டிரெய்னிங் பணம், அதுவும் ஃபிளையிங் ஸ்கூலுக்கு. நடுவுல ஏஜென்ட் யாரும் கிடையாது." கம்ப்யூட்டர் நம்பர் வாங்கியாச்சா என்றும் கேட்டான். பரீட்சை எழுத டிஜிசிஏவில் பதிவு செய்து வாங்குகிற எண். அதை வாங்கிக் கொடுத்துவிட்டதாகக் கன்சல்டன்சி ஜூனிலேயே சொல்லியிருந்தது. அது என் மகள் தன் மார்க் ஷீட்டை வைத்துத் தானே விண்ணப்பித்து வாங்க வேண்டியதாம். அவளிடம் ஒரு நம்பரும் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது திண்டிவனம் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "அப்பா, என்னாலதான்பா" என்றாள். அவனை நான் மன்னிக்க மாட்டேன் என்றால் பணத்துக்காக மட்டும் இல்லை.

மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவன் ரசீதை எடுத்துக் காட்டினான். பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது'. மூணு லட்சத்துக்கு ஆலோசனையா என்று கத்தினேன். "சார், சத்தம் போடாதீங்க, மத்த பேரன்ட்ஸ் இருக்காங்க" என்றான். இருந்தார்கள். நெய்வேலியிலிருந்து வந்த ஒரு அம்மாவும் பையனும். அவர்களுக்கும் காபி வந்திருந்தது. அந்த அம்மாவிடம் அங்கேயே சொன்னேன். காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். இந்த நாலு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பத்து நாளில் செட்டில் பண்ணுகிறோம் என்றான். பதினோராம் நாள், அதாவது நேற்று, போய்ப் பார்த்தால் பூட்டு. போர்டு கழற்றின இடத்தில் நாலு ஆணி. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "நீங்க ஆறாவது ஆளு" என்றார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். பணம் கடலூர் பேங்கிலிருந்து போயிருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் ஊர் ஸ்டேஷனில், ஆபீஸ் புதுச்சேரியில் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றார்கள். முள்ளோடை எல்லையை என் சர்வீஸில் ஆயிரக்கணக்கான தடவை தாண்டியிருக்கிறேன். பஸ்ஸுக்கு அது ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். 3,85,000 ரூபாய்க்கு மட்டும் அது தாண்ட முடியாத எல்லை. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும், ஜீரோ எஃப்ஐஆர் என்று அதற்குப் பெயர், இப்போது இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 173-வது பிரிவில் இருக்கிறது என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளோடு இன்றைக்குத் திரும்பப் போகிறேன். ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930-க்கு ராத்திரியே போன் செய்து பதிவு செய்தேன். பணம் போன உடனே சொல்லியிருந்தால் அக்கவுண்டை முடக்கியிருக்கலாமே என்றார்கள். போனது ஜூனில்.

சரி, விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி ஒன்பதரை ஆகிவிட்டது. தோன்றுவதை எழுதுகிறேன்.

பறக்கக் கற்றுத்தருகிறேன் என்று யார் சொன்னாலும் டிஜிசிஏ வெப்சைட்டில் அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளிகள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காபி கூடக் குடிக்காதீர்கள். கேடட் திட்டத்துக்கு விமானக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டையும் அதில் பெயர் போட்டிருக்கிற பயிற்சிப் பள்ளியையும் தவிர வேறு வாசல் கிடையாது. தேர்வுக் கட்டணம் இருந்தால் அதையும் அங்கே போட்டிருக்கிற வழியில்தான் கட்ட வேண்டும். மொத்தச் செலவைக் குறைத்துச் சொல்கிறவனை நம்பாதீர்கள். லைசென்ஸ் எடுக்கவே ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆகிறது, அதற்கப்புறம் ஏ320 மாதிரி ஒரு விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) என்று தனியாக இன்னும் பல லட்சம். எங்களிடம் எல்லாம் சேர்த்து நாற்பது என்றான். எடுத்த பிறகும் வேலை உறுதி கிடையாது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி நின்றபோது, ஓட்டிக்கொண்டிருந்த பைலட்டுகளே வேறு வேலை தேடினார்கள். முதலில் கிளாஸ் 2 மெடிக்கல் முடியுங்கள், கண்ணோ காதோ பிரச்சினை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பணம் கட்டும் அக்கவுண்ட் பெயரும் போர்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கணும். வீட்டம்மா நாளைக்குக் கட்டலாம் என்றால் நாளைக்குக் கட்டுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நூறடி ரோட்டில் அந்த இரண்டாவது மாடியில் பணம் கட்டின வேறு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும், கிளம்புகிறேன்.