டப்ளின் கோர்: எல்லாம் சரி, இந்தக் கவரேஜ் மட்டும்

"பழைய நோட்டீஸ், திருவிழாப் பத்திரிகை, ஜமக்காள டிசைன் எல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்தப்போறோம். மெட்டாடேட்டாவுக்கு எதுங்க எடுக்கலாம்?" என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். மெட்டாடேட்டா என்றால் ஒவ்வொரு பொருளையும் பற்றிய தலைப்பு, தேதி, இடம் போன்ற குறிப்புகள். அவற்றை எழுத உள்ள ஒரு எளிய தரமுறைதான் டப்ளின் கோர். அதைப் பல வருடமாகப் பயன்படுத்துவதால் விரிவாகவே சொல்கிறேன்.

15 புலங்கள், எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். எக்செல் தெரிந்தவர் ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொள்வார். ஓ.ஏ.ஐ. அறுவடைக்கு, அதாவது ஒரு களஞ்சியத்தின் குறிப்புகளை மற்ற தளங்கள் தானாக எடுத்துக்கொள்ளும் முறைக்கு, எந்தக் களஞ்சியமும் எளிய டப்ளின் கோரைத் தந்தே ஆகவேண்டும் என்பதால் தரவு முடங்காது. இவ்வளவும் உண்மை.

ஆனால் இடத்தையும் காலத்தையும் 'கவரேஜ்' என்ற ஒரே புலத்தில் போட்டது ஏன்? கண்ணபுரம் மாட்டுச் சந்தை நோட்டீஸ் ஒன்றில் "சுபகிருது வருஷம் சித்திரை, கோயமுத்தூர் ஜில்லா" என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் 1979-இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது, அதுவே பிறகு ஈரோடு ஆனது, 2009 முதல் திருப்பூர். கோவை என்று மட்டும் போட்டால் திருப்பூரில் தேடுபவருக்குச் சிக்காது. அதனால் ஊர், இன்றைய மாவட்டம், அச்சில் உள்ள ஜில்லா மூன்றையும் தனித்தனி மதிப்பாகப் போடுங்கள். விரிந்த டப்ளின் கோரில் ஸ்பேஷியல், டெம்பொரல் என்று இரண்டு புலம் உண்டுதான். அறுவடையில் எளிய வடிவத்துக்கு இறங்கியதும் இரண்டும் மறுபடி கவரேஜில்தான் விழும். அறுவடையில் வாங்கிக்கொள்ளும் தளங்களின் ஊர்ப் பட்டியலில் கண்ணபுரத்துக்கு அடுத்து "சித்திரை 1962" நிற்கும். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

தேதியும் லேசல்ல. சுபகிருது 1902-இலும் வரும், 1962-இலும் வரும். நோட்டீஸில் சுதந்திரத்துக்குப் பின் வந்த நயா பைசா இருந்தால் 1962 என்று உறுதியாகப் போடலாம். துப்பே இல்லையென்றால் நிச்சயமில்லாத தேதிகளையும் எழுத உதவும் இ.டி.டி.எஃப். முறையில் [1902,1962], அதாவது இரண்டில் ஒன்று. டப்ளின் கோர் அதை வெறும் எழுத்தாக வாங்கிக்கொள்ளும். பல மென்பொருள்களின் வருட வடிகட்டிக்கு அது புரியாது. எக்செல் வேறு 1962-04 என்பதைத் தானாகத் தேதியாக்கி ஏப்ரல்-62 என்று காட்டும். சி.எஸ்.வி. கோப்பை (அட்டவணையின் வெறும் எழுத்து வடிவம்) நேரடியாகத் திறக்காமல், யு.டி.எஃப்-8 எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்து, தேதிப் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கி இறக்குமதி செய்யுங்கள். இல்லாவிட்டால் தமிழும் கொத்துப் புரோட்டாதான்.

மோட்ஸ் என்ற இன்னொரு மெட்டாடேட்டா தரமுறையில் இந்த வம்பு இல்லை. தேதிக்கே 'ஊகித்தது', 'தோராயம்' என்று குறிப்புப் போடலாம். இடமும் காலமும் தனித்தனி. ஆனால் அது அடுக்கடுக்கான குறிச்சொற்களில் எழுதும் எக்ஸ்.எம்.எல். என்பதால் படிவம் ஒன்று தயாரித்துக் கொடுக்காமல் தன்னார்வலர்களிடம் விட முடியாது. அதுவே பெரிய வேலை.

கணக்குப் போட்டால் டப்ளின் கோரே ஜெயிக்கும். இருந்தும், ஊரும் தேதியுமே உயிரான தொகுப்புக்கு மோட்ஸ் எடுங்கள் என்பேன். அறுவடைக்கு அதிலிருந்து டப்ளின் கோர் எடுக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் எக்ஸ்.எஸ்.எல்.டி. (எக்ஸ்.எம்.எல்-ஐ வேறு வடிவத்துக்கு மாற்றும் நிரல்) இலவசமாகவே கிடைக்கிறது. கூகுளுக்கு மட்டும் வலைப்பக்கத்தில் ஸ்கீமா.ஆர்க் (தேடுபொறிகள் படிக்கும் குறிப்பு முறை) சேருங்கள், இடமும் காலமும் அங்கேயும் தனித்தனிதான்.