கன்சோலாஸா, மென்லோவா: நிரல் வரிகளுக்கான எழுத்துரு

இணையப் பக்கத்தில் நிரல் வரிகளை, கணினியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருக்களை வைத்தே காட்டினால் வாசகர் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கன்சோலாஸ், மேக்கில் மென்லோ, லினக்ஸில் பல இடங்களில் தேஜாவூ சான்ஸ் மோனோ கிடைக்கும். மென்லோவும் தேஜாவூவும் பிட்ஸ்ட்ரீம் வேரா என்ற எழுத்துருவின் வழிவந்தவை, அகலமும் ஒன்றுதான். கன்சோலாஸ்தான் இவற்றோடு ஒட்டாது.

எழுத்தளவு 14 பிக்சல், வரிக்கு 80 எழுத்து என்று வையுங்கள். மென்லோவில் ஒரு எழுத்தின் அகலம் எழுத்தளவில் 0.602 பங்கு, கன்சோலாஸில் 0.55. வரி முறையே 674, 616 பிக்சல் நீளும். விண்டோஸில் பார்த்து 620 பிக்சலில் பெட்டி போட்டால், மேக்கில் கடைசி ஆறேழு எழுத்துகள் வெளியே தள்ளப்படும். பெட்டியின் அகலத்தைப் பிக்சலில் தராமல் 'சிஎச்' அலகில் 80 என்று தாருங்கள். அது அந்தந்த எழுத்துருவின் பூஜ்ய அகலத்தையே அளவாகக் கொள்ளும்.

அகலம் சரியானாலும், கன்சோலாஸ் சிறியதாகத் தெரியும். அதன் சிற்றெழுத்து உயரம் 0.49 பங்கு, மென்லோவில் 0.547. 'ஃபான்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்' என்பது சிற்றெழுத்து உயரத்தைப் பார்த்து எழுத்தளவைத் திருத்தும் அமைப்பு. அதன் மதிப்பை 0.547 என வைத்தால் கன்சோலாஸ் வளர்ந்து, அந்த 58 பிக்சல் வித்தியாசம் 13 ஆகச் சுருங்கும். 2024 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இது இயங்குகிறது. ஆனால் உலாவி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும் எழுத்துரு வரிசையில் கூரியர் நியூவைச் சேர்க்காதீர்கள். அதன் சிற்றெழுத்து உயரம் 0.423தான் என்பதால், இந்தத் திருத்தம் அதை ஊதிப் பெருக்கி வரியை 870 பிக்சல் அளவுக்கு இழுத்துவிடும். கோடுகளும் மெலிவு, பூஜ்யத்துக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் வேறுபாடு போதாது.

வரிசையில் மென்லோ முதலில், கன்சோலாஸ் அடுத்து, தேஜாவூ, கடைசியில் 'மோனோஸ்பேஸ்' (எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருக்களுக்கான பொதுப்பெயர்). பழைய ஆபிஸ் நிறுவிய மேக்குகளில் கன்சோலாஸும் இருக்கலாம். அதை முதலில் வைத்தால் அங்கே மென்லோ வராது. 'மோனோஸ்பேஸ்' என்று மட்டும் எழுதி அளவு தராமல் விட்டால், உலாவிகள் 16க்குப் பதில் 13 பிக்சலில் காட்டும்.

நிரல் அல்லாத சாதாரண உரைக்கு இவ்வளவு கவலை வேண்டாம். விண்டோஸின் சீகோ யூஐ, ஆப்பிளின் சான் பிரான்சிஸ்கோ, ஆண்ட்ராய்டின் ரோபோட்டோ மூன்றும் நன்றாகவே படிக்க வரும். அந்தந்த இயங்குதளத்தின் எழுத்துருவையே எடுக்கச் சொல்லும் 'சிஸ்டம்-யூஐ'யை முதலில் வைத்தால் சீன மொழி விண்டோஸில் ஆங்கிலமும் சீன எழுத்துருவிலேயே வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடவுச்சொல், வரிசை எண் காட்டும் இடத்தில் ஏரியல் ஆகாது: பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் அதில் ஒரே கோடு. வெர்டானா இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆண்ட்ராய்டில் அது இல்லை.

நிரலுக்குள் தமிழ்க் குறிப்பு எழுதுவோர் கவனிக்க: கன்சோலாஸிலும் மென்லோவிலும் தமிழ் கிடையாது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐயும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் அந்த இடத்தை நிரப்பும். 'ர'வும் 'ணை'யும் அங்கே ஒரே அகலத்தில் நிற்காது. இடைவெளி தட்டி அமைத்த பத்திகள் கோணும். அவற்றை அட்டவணையாகவே மாற்றுங்கள். வரி உயரம் 1.2 என்றால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'தீ'யை முட்டும், 1.6 வையுங்கள்.