அல்கான்குவினா குவெட்டிகோவா, முதல் கனூ ட்ரிப்புக்கு எது?

ரெண்டுமே கனடால ஒன்டாரியோ மாகாணத்துல இருக்கற பார்க் தான், கனூங்கற துடுப்புப் படகுல ஏரி ஏரியா போகலாம், ஆனா அனுபவம் சுத்தமா வேற. அல்கான்குவின் 1893லயே பார்க் ஆச்சு, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல பரப்பு, டொரன்டோலேர்ந்து மூணு மணி நேர டிரைவ் தான், கனூ லேக்ல படகு வாடகைக்கு எடுத்து அங்கயே இறங்கிடலாம். போர்ட்டேஜ், அதாவது ஒரு ஏரி முடிஞ்சதும் கனூவைக் கவுத்துத் தோள்ல தூக்கிட்டு அடுத்த ஏரிக்கு நடக்கறது, அது எங்க ஆரம்பிக்குதுன்னு மஞ்சள் போர்டு இருக்கும், டென்ட் போடற இடத்துக்கு ஆரஞ்சு போர்டு. ஆனா ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஏரின்னு முன்னாடியே புக் பண்ணணும், எதிர்காத்து அடிச்சு லேட் ஆனாலும் அங்க போய்ச் சேரணும், புதுசா துடுப்பு போடறவங்களுக்கு அது நிஜமாவே கஷ்டம்.

குவெட்டிகோல நுழையற இடமும் தேதியும் புக் பண்ணா போதும், அப்புறம் எங்க பிடிக்குதோ அங்க தங்கலாம். போர்டு எதுவும் கிடையாது, மேப்பும் காம்பஸும் தான் துணை. லாக் லா க்ராய் ஏரியில செங்குத்துப் பாறைல பழங்குடி மக்கள் செங்காவியில வரைஞ்ச ஓவியங்கள கனூல உக்காந்தபடியே பாக்கலாம், அந்த அமைதி வேற எங்கயும் எனக்குக் கிடைச்சதில்ல. தூரம் தான் பிரச்சனை, தண்டர் பே நகரம் போயி அங்கேர்ந்து இன்னும் ரெண்டு மணி நேரம்.

முதல் தடவைன்னா அல்கான்குவின் தான் சொல்வேன், ஆகஸ்ட் கடைசில போங்க, மே ஜூன்ல கருப்பு ஈ கடிச்சே எடுத்துடும். மேப் பாத்து வழி கண்டுபிடிக்கற தைரியம் வந்தப்புறம் ஒரு முழு வாரம் லீவு போட்டு குவெட்டிகோ.