ஐந்து பேண்ட் ஏஎம் ப்ராசஸர்: திருகுவதற்கு முன்

பெங்களூரில் எல்இடி பல்பு, இன்வர்ட்டர் இரைச்சலுக்கு மேலே மீடியம்வேவ் கேட்க ஸ்டூடியோ ஒலியை ஐந்து அதிர்வெண் பட்டைகளாக (பேண்ட்) பிரித்துச் சீராக்கி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் இப்படி ஒரு பெட்டி தேவைதான். ஃபேக்டரி ப்ரீசெட் அமெரிக்காவுக்கானது, 10 கிலோஹெர்ட்ஸ் வரை விடுகிறது. இங்கே சேனல் இடைவெளியே 9 கிலோஹெர்ட்ஸ். லோபாஸ் ஃபில்டரை (உயர்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) 5 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

எல்லோரும் முதலில் கை வைப்பது கிளிப்பர் டிரைவில் (ஒலியின் உச்சங்களை நறுக்கும் கிளிப்பருக்குள் எவ்வளவு தள்ளுகிறோம் என்பது). கெடுவதும் அங்கேதான். 2 டெசிபல் கூட்டினாலே தமிழ்ச் செய்தியில் 'ஸ', 'ஷ' சீறும். நாதஸ்வரம் தகர டப்பாவுக்குள் ஊதியது போலாகும். சத்தத்தை மல்டிபேண்ட் கம்ப்ரஷனில் (ஒவ்வொரு பேண்டிலும் உரத்த ஒலியைத் தனியே தணித்துச் சமப்படுத்துவது) தேடுங்கள்: கெயின் ரிடக்‌ஷன் (தணிக்கும் அளவு) 10 டெசிபல் சுமார், ரிலீஸ் (தணிப்பு விடுபடும் வேகம்) நடுத்தரம். ரிலீஸை வேகமாக்கினால் வாசிப்பவர் மூச்சு இழுப்பதும் ஸ்டூடியோ ஏசி உறுமலும் மேலே வந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பாக்கெட் ரேடியோவில் அது கேட்காது, மாடுலேஷனை (டிரான்ஸ்மிட்டரின் ஆதார அலையான கேரியரில் ஒலி ஏற்றும் அளவை) மட்டும் தின்னும்.

டிரான்ஸ்மிட்டர் தாங்கினால் பாசிட்டிவ் பீக் (கேரியர் மேலே எழும் உச்சம்) 125 சதவீதம் வரை போகலாம். நெகட்டிவ் (கீழே இறங்குவது) 100ஐத் தாண்டக் கூடாது, கேரியர் அறுந்து பக்கத்துச் சேனலில் சிதறும், 95–98 போதும். வால்வின் பிளேட்டில் ஒலி ஏற்றும் பழைய பிளேட் மாடுலேஷன் டிரான்ஸ்மிட்டரா? முதலில் டில்ட் ஈக்வலைசர் (தாழ்ந்த அதிர்வெண்ணில் டிரான்ஸ்மிட்டர் அலையைச் சாய்ப்பதைச் சரிக்கட்டுவது): ஆசிலோஸ்கோப்பில் சதுர அலையின் தலை சாயாமல் நிற்கும்வரை.

மெனுதான் குடைச்சல். சேவ் செய்யாமல் வெளியே வந்தால் அத்தனையும் போச்சு.