கிங் கிரிம்சனோட ‘ரெட்’: காக்க வெச்சு அடிக்கிற ஆல்பம்

ஹெவியான மியூசிக்னா வேகமும், கிட்டார் சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷனும்தான்னு யாராவது சொன்னா நான் அவங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டுறது கிங் கிரிம்சன்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட ‘ரெட்’தான், 1974ல வந்த ஆல்பம். அஞ்சே பாட்டு, மொத்தம் 40 நிமிஷம். கிட்டார் ராபர்ட் ஃப்ரிப், பேஸும் பாட்டும் ஜான் வெட்டன், ட்ரம்ஸ் பில் புரூஃபோர்ட், அவ்ளோதான் பேண்ட், மத்தவங்க எல்லாம் கெஸ்ட்டா வந்து வாசிச்சுட்டு போனவங்க. இதுக்கப்புறம் வந்த எத்தனையோ மெட்டல் ஆல்பம் இத விட சத்தமா இருக்கு, ஆனா இந்த கனம் ரொம்ப கம்மி ஆல்பத்துலதான் இருக்கு. இவங்க நம்மள காக்க வைக்கிறாங்க, அதுலேருந்துதான் அந்த கனம் வருது.

கடைசி பாட்டு ‘ஸ்டார்லெஸ்’ஸயே எடுத்துக்கோங்க, 12 நிமிஷத்துக்கு மேல ஓடும். மெல்லோட்ரான்ங்கிற பழைய கீபோர்ட் விரிச்சு வெச்ச சத்தத்து மேல ஃப்ரிப் ஒரு மெலடி வாசிப்பாரு, வெட்டன் உருகி பாடுவாரு, சரி இது ஒரு சோகப் பாட்டுன்னு நாம முடிவு பண்ற நேரத்துல எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற ஒரு சின்ன மெட்டு, ஆரம்பிக்கும். அது 13 எண்ணிக்கைல போகுது, விரல் விட்டு எண்ணிப் பாருங்க, நாலு நாலா எண்ணினா ஒவ்வொரு சுத்துலயும் ஒன்னு மிஞ்சி நிக்கும், அதனால காதுக்கு எங்கயுமே உக்கார இடம் கிடைக்காது. அது மேல ஃப்ரிப் கிட்டத்தட்ட ஒரே நோட்டயே திரும்பத் திரும்ப தட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுவாரு. புரூஃபோர்ட் முதல்ல அங்கங்க ஒரு தட்டு, அப்புறம் ரெண்டு, இப்படியே நாலு நிமிஷத்துக்கு மேல. மழைக்கு முன்னாடி வர்ற புழுக்கம் மாதிரி இருக்கும். அப்புறம் திடீர்னு வேகம் ரெட்டிப்பாகி மெல் காலின்ஸும் இயன் மெக்டொனால்டும் சாக்ஸஃபோனோட உள்ள வரும்போது உடம்பே தளர்ந்துடும், கடைசில முதல்ல கேட்ட அதே மெலடிய முழு பேண்டும் சேர்ந்து எடுக்குறாங்க பாருங்க, அங்க எனக்கு இன்னும் கண்ணு கலங்கும்.

முதல் பாட்டு ‘ரெட்’ல குரலே கிடையாது. அந்த ரிஃப் ஏறிக்கிட்டே போகும், ஆனா போய் சேர்ற மாதிரியே இருக்காது. நடுவுல எல்லாம் தணிஞ்சு அடித் தந்தி மட்டும் இழையுற இடம்தான் எனக்கு ரொம்ப பிடிக்கும். ‘ஒன் மோர் ரெட் நைட்மேர்’ல தகரத்த அடிச்ச மாதிரி ஒரு சிம்பல் (ட்ரம்ஸ் கூட இருக்கிற உலோகத் தட்டு) சத்தம் கேக்கும், யாரோ குப்பைல தூக்கிப் போட்ட வளைஞ்ச சிம்பல எடுத்து புரூஃபோர்ட் வாசிச்சது அது. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ மாதிரி ஒரு ஆல்பம் வாசிச்சு முடிச்ச கையோட 1972ல யெஸ்ங்கிற பேண்ட விட்டுட்டு இந்த பேண்டுக்கு வந்த மனுஷன், ஜாஸ் ட்ரம்மர் மாதிரிதான் யோசிப்பாரு, எங்க அடிக்கக் கூடாதுன்னு அவருக்கு நல்லா தெரியும்.

‘ப்ராவிடென்ஸ்’ பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும். அது மேடைல அப்பவே கற்பனையா வாசிச்சத ரெக்கார்ட் பண்ணது, டேவிட் கிராஸோட வயலின்ல தொடங்கி ரொம்ப நேரம் எங்க போறோம்னே தெரியாம அலையும். வெட்டனோட பேஸ் உறுமிக்கிட்டு வந்தப்புறம்தான் பிடிப்பு வருது. முதல் பாதிய சுருக்கியிருக்கலாம்ங்கிறது என் கருத்து, ஆனா தாண்டிப் போகாதீங்க, அது முடிஞ்ச கையோட ‘ஸ்டார்லெஸ்’ ஆரம்பிக்கும்போது கிடைக்கிற நிம்மதிக்காகவே கேக்கணும்.

இந்த பொறுமை எனக்கு ஜாஸ்லதான் அதிகமா கிடைச்சிருக்கு. 1959ல வந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ல சாக்ஸஃபோன் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேன் நோட்டா கொட்டுவாரு, ட்ரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸ் ரெண்டு மூணு நோட்டு வாசிச்சுட்டு நிறுத்துவாரு, மனசு நிக்கிறது என்னவோ மைல்ஸ்கிட்டதான். மெட்டல்ல இத நல்லா புரிஞ்சு வெச்சிருக்கிற பேண்ட் ஓபெத். 2001ல வந்த ‘ப்ளாக்வாட்டர் பார்க்’ல அக்கூஸ்டிக் கிட்டார்ல நம்மள நல்லா உக்கார வெச்சுட்டு அப்புறம்தான் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் உறுமுவாரு. ட்ரீம் தியேட்டர்ங்கிற இன்னொரு மெட்டல் பேண்டோட ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ ஆல்பத்துல திறமைக்கு குறைவே இல்ல, பாட்டுங்களும் எனக்கு பிடிக்கும், ஆனா ட்ரம்ஸ் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி ‘டக் டக்’னு விழுறதால கொஞ்ச நேரத்துல காது மரத்துப் போகுது. புரூஃபோர்டோட ஸ்னேர் ட்ரம்ல ஒவ்வொரு அடிக்கும் தனி உயிர் இருக்கு.

ஆல்பம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரிப் பேண்ட கலைச்சுட்டாரு, அதனால இதுக்குன்னு ஒரு டூர் கூட நடக்கல. பின் அட்டைல சத்தத்தோட அளவ காட்டுற ஒரு மீட்டரோட முள்ளு சிவப்புக்குள்ள போய் நிக்கிற படம், இதுக்கு மேல பொருத்தமா ஒன்னு வெச்சிருக்க முடியாது.

கேட்டுப் பிடிச்சிருந்தா அடுத்து, பேண்ட் திரும்பக் கூடி 1981ல போட்ட ‘டிசிப்ளின்’க்கு உடனே தாவாதீங்க, நல்ல ஆல்பம்தான், ஆனா அது முழுக்க வேற பேண்ட் மாதிரி. முதல்ல பின்னாடி போய் 1973ல வந்த ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ கேளுங்க, ஹெட்ஃபோன்ல கேட்டா இன்னும் நல்லது, ஏன்னா அதுல தாள வாத்தியங்கள் வாசிச்ச ஜேமி மியூர் தட்டுற சின்னச் சின்ன சத்தமெல்லாம் ஸ்பீக்கர்ல பாதி காணாம போயிடும்.