ஃபெஸ்ஸா, மராக்கேஷா? மொராக்கோவின் இரண்டு பழைய நகரங்கள்: எதற்கு எத்தனை நாள்

மொராக்கோவுக்கு ஒரு வாரம் ஒதுக்குபவர்களில் பலர் மராக்கேஷுக்கு நான்கு நாள், ஃபெஸ்ஸுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டு, ஃபெஸ்ஸுக்கு அதிக நாள் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பழைய அரபு நகரம் ஒன்று இன்றும் எப்படி வேலை செய்கிறது, எங்கே ரொட்டி சுடுகிறது, எங்கே தோல் பதனிடுகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஃபெஸ்தான் சரி. முட்டிவலி உள்ள பெரியவர்களோடோ கைக்குழந்தையோடோ வருகிறவர்கள் மட்டும் மராக்கேஷையே வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் காலத்தைப் பார்க்கப் போகிறீர்கள்?

இரண்டில் ஃபெஸ் மூத்தது. இத்ரீஸ் வம்சத்தார் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஊர். இங்குள்ள கரவிய்யீன் பள்ளிவாசலை ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி 859இல் நிறுவினார் என்பது மரபு. மராக்கேஷை 1070 வாக்கில் அல்மொராவிது வம்சத்தார் எழுப்பினார்கள். யுனெஸ்கோ பட்டியலில் ஃபெஸ் 1981இலும் மராக்கேஷ் 1985இலும் சேர்ந்தன.

ஃபெஸ்ஸின் செல்வம் 14ஆம் நூற்றாண்டு மரீனிய மன்னர்கள் கட்டிய மதரசாக்கள். மராக்கேஷில் கிடைப்பவை வேறு: 12ஆம் நூற்றாண்டின் குத்துபிய்யா மினார் (77 மீட்டர், ஊரின் எந்த மூலையிலும் திசைகாட்டி), 16ஆம் நூற்றாண்டு சஅதி மன்னர்களின் கல்லறைகள், பென் யூசுஃப் மதரசா, 19ஆம் நூற்றாண்டின் பாஹியா அரண்மனை.

மொராக்கோவில் தொழுகை நடக்கும் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் முக்கிய விதிவிலக்கு. கரவிய்யீனையும் குத்துபிய்யாவையும் பிற சமயத்தவர் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அதனால்தான் மதரசாக்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம். ஃபெஸ்ஸின் பூ இனானியா மதரசாவில் முற்றம் வரை எல்லோரும் போகலாம். முற்றத்துக்கு அப்பால் உள்ள தொழுகைக் கூடம் முஸ்லிம்களுக்கு மட்டும். இதைக் கட்டிய சுல்தான் அபூ இனானுக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1340களில் மதுரை சுல்தானின் விருந்தினராக மாபார் (சோழமண்டல) கரையில் தங்கியிருந்த பயணி இப்னு பதூதா, ஊர் திரும்பிய பின் தன் பயணங்களை எழுத்தர் இப்னு ஜுஸய்யிடம் சொல்லி எழுதவைத்தது இந்த அபூ இனானின் ஆணையால்தான். மதரசா எழும்பிய அதே ஆண்டுகளில் அந்த வேலையும் ஃபெஸ்ஸில் நடந்தது. அந்த முற்றத்தில் நிற்கும்போது இது நினைவில் இருந்தால் நல்லது.

கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. ஃபெஸ்ஸின் மதரசாக்கள் ஒவ்வொன்றும் 20 திர்ஹம் அளவில்தான். மராக்கேஷில் பென் யூசுஃப் 50. பாஹியா, சஅதி கல்லறைகள் அதற்கும் மேல். ஒரு திர்ஹம் சுமார் 9–10 இந்திய ரூபாய். 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்துக்குப் பின் மராக்கேஷில் சில இடங்கள் மராமத்துக்காக மூடித் திறக்கப்படுகின்றன. ஃபெஸ்ஸிலும் மராமத்து மூடல் உண்டு. முந்தைய நாளே தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை

ஃபெஸ்ஸின் பழைய ஊரில் கார் கிடையாது. சரக்கு கழுதையிலும் கோவேறு கழுதையிலும் தள்ளுவண்டியிலும் போகிறது. பின்னாலிருந்து "பாலக்!" (விலகு!) என்ற குரல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பாரம் ஏற்றிய விலங்கு சந்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வரும், நிற்காது. மராக்கேஷின் சந்துகளில் தொந்தரவு மோட்டார் சைக்கிள். ஒலியும் புகையும் மட்டுமல்ல, தோளை உரசிக்கொண்டு போவார்கள். ஒரே பக்கமாக நேராக நடப்பதுதான் பாதுகாப்பு. திடீரென்று பக்கம் மாறினால்தான் மோதல்.

ஃபெஸ் ஒரு கிண்ணம். மேல் விளிம்பில் பாப் பூ ஜலூத் வாசல் (வெளிப்பக்கம் நீலம், உட்பக்கம் பச்சை), அடியில் கரவிய்யீனும் ர்சீஃப் சதுக்கமும். வாசலிலிருந்து தலா கபீரா, தலா சகீரா என்ற இரண்டு தெருக்கள் இணையாகச் சரிந்து இறங்குகின்றன. கைப்பேசி வரைபடம் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே பக்கத்துச் சந்தைக் காட்டும், நம்ப முடியாது. வழி தவறினால் இறக்கத்திலேயே நடங்கள், கூட்டம் பெருகும் திசையில் போங்கள். பெரிய தெரு ஒன்றில் சேர்ந்துவிடுவீர்கள்.

பலர் காலை முழுக்க இறங்கிவிட்டு மதிய வெயிலில் அதே ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். தேவையே இல்லை. ர்சீஃப் சதுக்கத்துக்கு வாகனப் பாதை உண்டு. அங்கே நிற்கும் சிவப்பு நிறச் சின்ன டாக்சியில் ஏறி மீட்டர் போடச் சொன்னால் 10–15 திர்ஹமில் மேல் வாசலில் விடுவார்கள். மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இரவில் கட்டணம் ஒன்றரை மடங்கு. மராக்கேஷில் மீட்டர் போட வைப்பதே பெரும்பாடு. ஏறும் முன்பே தொகை பேசிவிடுங்கள்.

மராக்கேஷ் தட்டையான ஊர். நடுவிலுள்ள ஜமா எல் ஃப்னா சதுக்கத்திலிருந்து பாஹியாவும் சஅதி கல்லறைகளும் நடை தூரம்தான். பல தங்குமிடங்களின் வாசல் அருகே வரை வண்டி வரும். பெரியவர்களுக்கு மராக்கேஷைச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கைத்தொழில்: ஃபெஸ்ஸுக்கு இணை இல்லை

ஷுவாரா தோல் பதனிடும் இடத்தைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். கடைக்காரர் கையில் ஒரு கொத்துப் புதினா தருவார், நாற்றத்துக்கு. முதலில் கண்ணில் படும் வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு. அதில் ஊறினால் மயிர் கழலும். புறா எச்சம் கலந்த நீரில் போட்டு மிதித்தால் விறைப்பு போய்த் தோல் மென்மையாகும். அதன் பிறகுதான் வண்ணத் தொட்டிகள். காலையில் போனால் ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வதைப் பார்க்கலாம். வாங்க விருப்பமில்லை என்றால் 10–20 திர்ஹம் கொடுத்துவிட்டு இறங்குவது முறை. வாங்குவதானால் நனைத்த வெள்ளைத் துணியால் தோலின் உட்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் மழையில் உங்கள் சட்டையிலும் ஏறும்.

தோல் தொட்டிகளை எல்லோரும் பார்க்கிறார்கள். ஊருக்கு வெளியே ஐன் நொக்பி பகுதிக்குக் குயவர்களையும் செலீஜ் ஓடு (சுவரில் பதிக்கும் வண்ண ஓட்டுத் துண்டுகள்) வெட்டுபவர்களையும் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. அதுதான் எங்களுக்கு ஃபெஸ்ஸின் உச்சம். தரையில் அமர்ந்த கைவினைஞர் மெருகிட்ட ஓட்டின்மேல் வடிவத்தை வரைந்துகொண்டு, கூர் முனையுள்ள கனத்த சுத்தியலால் கொத்திக் கொத்தி நட்சத்திரமும் இலையும் எடுக்கிறார். விளிம்பு பின்பக்கம் சரிவாக இருக்கும். அப்போதுதான் துண்டுகள் முன்பக்கம் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேரும். பதிக்கும்போது வண்ணப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து அடுக்குகிறார்கள். அடுக்குபவருக்குத் தெரிவது களிமண் நிற முதுகுகள் மட்டும். எந்தத் துண்டு என்ன நிறம் என்பது அவர் நினைவில்தான். எல்லாம் அடுக்கிய பின் மேலே சாந்து ஊற்றி இறுக்கி, நிமிர்த்தும்போதுதான் வடிவம் தெரியும். இதைப் பார்த்த பிறகு பூ இனானியாவின் சுவருக்குத் திரும்பப் போங்கள். வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

கரவிய்யீன் நூலகத்தை ஒட்டிய சஃபாரீன் சதுக்கத்தில் செம்புக் கொட்டர்கள் இன்றும் அண்டா அடிக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பொது ரொட்டி அடுப்பு இருக்கிறது. வீட்டில் பிசைந்த மாவைக் குழந்தைகள் பலகையில் தூக்கி வருவார்கள். மராக்கேஷின் சூக்குகளிலும் (சந்தைத் தெருக்களிலும்) கொல்லர், சாயக்காரர் தெருக்கள் உண்டு என்றாலும் அங்கே கடை அதிகம், பட்டறை குறைவு. விலையும் ஃபெஸ்ஸில் பொதுவாகக் குறைவு.

மராக்கேஷ் ஜெயிக்கும் இடம்

ஜமா எல் ஃப்னா சதுக்கம். இதற்கு ஈடாக ஃபெஸ்ஸில் எதுவும் இல்லை. காலையில் போனால் ஆரஞ்சுச் சாறு வண்டிகளும் வெறும் தரையும்தான். மாலை 5 மணிக்குச் சாப்பாட்டுக் கடைகளை நிறுத்தத் தொடங்குவார்கள். இருட்டிய பின் கதைசொல்லிகளைச் சுற்றியும் க்னாவா இசைக்காரர்களைச் சுற்றியும் வட்டங்கள் கூடும். வட்டத்தில் நின்றால் சில்லறை போட வேண்டும். பாம்பாட்டியையும் குரங்கையும் தூரத்திலிருந்து படம் எடுத்தாலும் பணம் கேட்டு வருவார்கள். கையைப் பிடித்து மருதாணி இடத் தொடங்கும் பெண்களிடம் முதலிலேயே கையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு விழுந்தாலும் பேரம் உங்களுக்குப் பாதகம். சாப்பாட்டுக் கடையில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு.

மஜோரல் தோட்டத்துக்கு வாசலில் சீட்டு கிடைக்காது, இணையத்தில் முன்பதிவு வேண்டும்.

வழிகாட்டி என்று வருபவர்கள்

"இந்தப் பாதை அடைத்திருக்கிறது" என்று இளைஞர்கள் சொல்வது இரண்டு ஊரிலும் நடக்கும். கூடவே நடந்து வந்து கடைசியில் பணம் கேட்பார்கள். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். ஃபெஸ்ஸில் முதல் காலையை மட்டும் அரசு அட்டை அணிந்த வழிகாட்டியோடு நடந்துவிடுவது நல்ல முதலீடு. அரை நாளுக்கு 300–400 திர்ஹம் அளவில் ஆகும். கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மராக்கேஷில் வழிகாட்டி அவசியமில்லை.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஃபெஸ்ஸில் மெல்லிய மாவுத்தாளில் கறியைப் பொதிந்து சுடும் புறாக்கறி பஸ்தீயா, மராக்கேஷில் தன்ஜியா. தன்ஜியா என்பது மண்குடத்தில் கறியை அடைத்துக் குளியல் இல்லத்து அடுப்புச் சாம்பலில் பல மணி நேரம் புதைத்து வேகவைப்பது. சைவர்கள் ஜாக்கிரதை: காய்கறிக் குஸ்குஸ் பெரும்பாலும் கறிச்சாற்றில்தான் வேகும், ஹரீரா சூப்பிலும் கறி இருக்கலாம். "ப்லா ல்ஹம்" (கறி இல்லாமல்) என்று சொல்லி, சாறு எதில் செய்தது என்றும் கேளுங்கள். ஃபெஸ்ஸின் காலைக் கடைகளில் கிடைக்கும் பிசாரா, காய்ந்த மொச்சைவகைப் பருப்பைக் கடைந்து ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தருவது, நம் நாக்குக்கு உடனே ஒட்டும்.

தங்கல், பருவம், பாதை

தங்குமிடமாக மாற்றிய ரியாத் என்ற பழைய முற்றத்து வீடுகளில் ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்தே இருக்கும். அதனால் வெயிலுக்கு இதம், ஆனால் முற்றத்துப் பேச்சு எல்லா அறைக்கும் கேட்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நடுக்கும். ஹீட்டர் உண்டா என்று கேட்டே பதிவு செய்யுங்கள். ஃபெஸ்ஸில் எந்த வாசலில் இறங்கினால் அருகில் என்று கேட்டு, அங்கே ஆள் அனுப்பச் சொல்லுங்கள். இரவில் முதல்முறை தனியாகத் தேடிப் போகாதீர்கள்.

மார்ச் முதல் மே, பிறகு அக்டோபர், நவம்பர் நல்ல காலம். கோடையில் மராக்கேஷ் 45 டிகிரியைத் தொடும். குளிர்கால மழையில் ஃபெஸ்ஸின் சரிவுக் கற்கள் வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் ஃபெஸ்ஸின் கடைகளும் பட்டறைகளும் பெரும்பாலும் அடைத்துவிடும். உங்களுக்கு ஃபெஸ்ஸில் இரண்டே நாள் என்றால் அதில் ஒன்று வெள்ளியாக இருக்கக் கூடாது. வெள்ளி வந்தே தீரும் என்றால் அன்று ரயிலில் மெக்னெஸ் போய், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள ரோமானிய நகரமான வொலுபிலிஸைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வளைகுடா வழியாகக் காசாபிளாங்காவில் இறங்குபவர்களுக்கு மராக்கேஷ் ரயிலில் மூன்று மணி நேர அளவில், ஃபெஸ் நான்கு மணி நேர அளவில். இரண்டுக்கும் இடையே நேர் ரயில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். மராக்கேஷில் இரண்டு இரவு முதலில், பிறகு ஃபெஸ்ஸில் மூன்று அல்லது நான்கு என்று வைத்துக்கொண்டால் வாங்கும் பீங்கானையும் தோலையும் நாடு முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. திர்ஹமை மொராக்கோவுக்கு வெளியே மாற்றுவது கடினம். மாற்றிய ரசீதை வைத்திருந்து, மிச்சத்தை விமான நிலையத்திலேயே திருப்பி மாற்றிவிடுங்கள்.